அப்பாவின் துப்பாக்கியில் நான் பயிற்சி எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. பொள்ளாச்சி அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறோம். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் கலந்துகொண்டதிலிருந்து, பறக்கும் கிளே தட்டைச் சுடும் இந்த விளையாட்டில் இறங்க வேண்டும் என்று ஆசை. முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம்? அப்பாவிடம் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. இங்கிலாந்துத் தயாரிப்பு. அவர் 2022-ல் காலமானார். உரிமப் புத்தகத்தில் 2024 டிசம்பர் வரை என்று போட்டிருந்ததால் நாங்கள் அவசரப்படவில்லை. துப்பாக்கியும் ஒரு டப்பா தோட்டாவும் பீரோவில் இருக்கின்றன. 2021 தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த ரசீதும் இருக்கிறது. அதை வைத்தே பயிற்சியைத் தொடங்கலாமா? இல்லையென்றால், வெளிமாநிலத்தில் ஒருவர் தன் பழைய இத்தாலியத் துப்பாக்கியைத் தருவதாகச் சொல்லி ரூ.40,000 முன்பணம் வாங்கியிருக்கிறார். அதை எடுத்துக்கொள்ளலாமா? 19 வயதுத் தம்பியும் உடன் வர ஆசைப்படுகிறான்.
(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது, பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதைப் பற்றியது. ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ‘பீரோவில் இருக்கின்றன’ என்ற இரண்டே சொற்கள்தான். அதை முதலில் முடிப்போம்.

துப்பாக்கி உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. வீட்டுக்கோ குடும்பத்துக்கோ தரப்படுவதல்ல. உங்கள் தந்தை இறந்த அன்றே அந்த உரிமமும் முடிந்தது. புத்தகத்தில் 2024 என்று இருந்தாலும் 2030 என்று இருந்தாலும், அந்தத் தேதி அவருக்காகப் போட்டது. உங்களுக்கோ உங்கள் தாயாருக்கோ ஒரு நாள்கூட அது செல்லாது. ஆக, 2022-லிருந்து உங்கள் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத துப்பாக்கி. ஆயுதங்கள் சட்டம், 1959-ன் 3-வது பிரிவுப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். மீறினால் 25(1பி)(ஏ) பிரிவில் தண்டனை. 2019 திருத்தத்துக்கு முன்பு அது ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இருந்தது. இப்போது குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு, கூடவே அபராதம். ‘வெறுமனே பீரோவில்தான் இருந்தது, யாரும் தொடவில்லை’ என்பது பதிலாகாது. வைத்திருப்பதே குற்றம்.

சட்டம் இதற்கு வழியும் சொல்லியிருக்கிறது. உரிமக் காலம் முடிந்தாலும் சரி, வேறு எந்தக் காரணத்தால் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனாலும் சரி, தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. ஈமக் காரியங்கள், பதினாறாம் நாள், பட்டா மாற்றம், வங்கிக் கணக்கு என்று அலைந்த நாட்களைக் கழித்துவிடுவோம். அதன் பிறகும் மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறதே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? தோப்புக்குச் சொட்டுநீர் மானியம் வாங்க எத்தனை முறை அலுவலகம் ஏறி இறங்கியிருப்பீர்கள்! இதற்கு ஒரே ஒரு முறை போயிருந்தால் போதும்.

தேர்தல் ரசீதைப் பெரிய ஆதாரமாக நினைக்கிறீர்கள். அது உரிமம் அல்ல. தேர்தல் நேரத்தில் உரிமதாரர்கள் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவது வழக்கம். அதற்கான சீட்டு அது, அவ்வளவுதான். அதில் என்ன இருக்கும் என்று எடுத்துப் பாருங்கள். தந்தையின் பெயர், உரிம எண், துப்பாக்கியின் தயாரிப்பு, குழலில் வெட்டிய எண், நிலைய முத்திரை. அந்தத் துப்பாக்கி கடைசியாக உங்கள் வீட்டுக்குத்தான் திரும்பி வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? அது உங்களைக் காப்பாற்றாது; தேதியைத்தான் காட்டிக்கொடுக்கும். 2024 மக்களவைத் தேர்தலின்போது ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததாகவும், ‘அவர் தவறிவிட்டார்’ என்று தாயார் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சொன்னதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கியிருந்தால், இன்று உங்கள் வழக்கறிஞரின் வேலை பாதி குறைந்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. இந்த வாரமே, அடுத்த மாதம் அல்ல, உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, இறப்புத் தேதி, துப்பாக்கி விவரம், தோட்டா எண்ணிக்கை, தாமதத்துக்கான உண்மையான காரணம் ஆகியவற்றைச் சொல்லி, ஒப்படைக்க விரும்புவதாக மனு எழுதுங்கள். மனுவோடு அவர் முதலில் நிலையத்துக்குப் போகட்டும். துப்பாக்கியைத் துணியில் சுற்றி, கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நீங்களே கிளம்பிவிடாதீர்கள். உரிமமில்லாமல் வீட்டில் வைத்திருப்பது போதாதென்று வழியில் எடுத்துச் சென்ற குற்றமும் சேரும். எப்படிக் கொண்டுவருவது, யார் வந்து எடுப்பது என்பதை அவர்கள் சொல்லட்டும். ‘சுடுகிறதா பார்ப்போம்’ என்று ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தோட்டாக்களைக் கிணற்றில் போட்டுக் கணக்கை முடிக்கவும் நினைக்காதீர்கள். ஒப்படைத்ததும் தயாரிப்பு, எண், போர், தோட்டா எண்ணிக்கை எல்லாம் குறித்த ரசீது வாங்குங்கள்.

தானாக ஒப்படைத்தால் வழக்கே வராதா என்று அடுத்துக் கேட்பீர்கள். வராது என்று எழுதித் தர என்னால் முடியாது. எந்த வழக்கறிஞராலும் முடியாது. 3-வது பிரிவு மீறலுக்கு வழக்குத் தொடர மாவட்ட நடுவரான ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39-வது பிரிவு. மறைக்காமல் தானே வந்து ஒப்படைத்தவரையும், சோதனையில் பிடிபட்டவரையும் அனுமதி தரும் அதிகாரி ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதே நடைமுறை. அதற்கு மேல் சொல்வது சரியல்ல.

ஒப்படைத்த பிறகு துப்பாக்கி போயே போய்விட்டதா? இல்லை. ஆயுத விதிகள், 2016-ன் 25-வது விதி, உரிமதாரர் இறந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. வேண்டாம் என்றால், அனுமதி பெற்று வியாபாரிக்கோ உரிமம் உள்ள வேறொருவருக்கோ விற்றுவிடலாம். இரண்டில் எது என்றாலும் தாள்கள் வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிதழ், மூல உரிமப் புத்தகம், தாயாரும் தம்பியும் மற்ற வாரிசுகளும் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம். உரிமப் புத்தகத்தில் யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். தேசியத் தரவுத்தளத்தில் ஏறாத பழைய உரிமங்கள் செல்லாதவையாகிவிட்டன. ‘வாரிசுச் சான்றிதழ் இன்னும் எடுக்கவில்லை’ என்று நீங்கள் ஓரத்தில் எழுதியிருப்பதையும் கவனித்தேன். அது இல்லாமல் மேலே ஓரடிகூட வைக்க முடியாது. ஒப்படைத்த ஆயுதத்தை விதிக்கப்பட்ட கெடுவுக்குள் கேட்டுப் பெறாவிட்டால் அரசுடைமையாகும். இங்கேயும் தூங்கிவிடாதீர்கள்.

அடுத்து, விளையாட்டு. இங்கே சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரியில்லாத வழுவழுப்பான குழல் துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்க வேண்டும் என்பது 13(3) பிரிவு. கிளே சுடும் துப்பாக்கிகளின் குழல் பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம். ஆகவே அளவில் சிக்கல் இல்லை. ஆனால் இந்தப் பிரிவு 14-வது பிரிவுக்குக் கட்டுப்பட்டது. விண்ணப்பதாரர் தகுதியற்றவர் என்றோ, பொது அமைதிக்குப் பாதகம் என்றோ அதிகாரி கருதினால் மறுக்கலாம். அதை முடிவு செய்ய அவர் முன் இருக்கும் முக்கியமான தாள் காவல் துறை அறிக்கை. அந்த அறிக்கையில் ‘இறந்த தந்தையின் துப்பாக்கியை உரிமமின்றி வைத்திருக்கிறார்’ என்ற ஒரு வரி ஏறிவிட்டால், கிளப் கடிதம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் இருந்தும் பயன் சொற்பம். பீரோவை முதலில் காலி செய்யச் சொல்வது இதனால்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். நீங்கள் தாமதிக்கும் ஆள் என்று தெரிந்துவிட்டதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எந்தத் துப்பாக்கி? நான் சுடுபவன் அல்ல. உங்கள் பயிற்சியாளர் சொல்வதே கடைசிச் சொல். ஆனாலும் உரிமத்தோடு மோதும் சில விஷயங்கள் உண்டு. பன்னாட்டு விதிகளில் 12 போருக்கு மேல் கிடையாது. பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குப் போட்டியில் இடமே இல்லை. உள்ளூர் கடையில் அது கைக்கு எட்டுகிறது என்பதற்காக வாங்கிவிட்டுப் பிறகு விழிக்காதீர்கள். தானாகத் தோட்டா ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக், நம் சட்டத்தின் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வருகிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம். மிச்சம் இருப்பது, ஒரு குழலின் மேல் இன்னொரு குழல் அமைந்த ‘ஓவர் அண்ட் அண்டர்’. இந்த விளையாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பதும் அதுவே. ட்ராப்புக்கும் ஸ்கீட்டுக்கும் கட்டையின் உயரம், குழல் நீளம், முனையின் இறுக்கம் எல்லாம் மாறும். ட்ராப்பில் தட்டு உங்களைவிட்டு விலகி மேலே ஏறிப் பறக்கும். ஸ்கீட்டில் குறுக்கே போகும். எது உங்கள் பிரிவு என்று முடிவாகாமல் வாங்குவது வீண். தோளுக்கும் கன்னத்துக்கும் கட்டை பொருந்தாத துப்பாக்கி எவ்வளவு விலை கொடுத்தாலும் அடிக்காது என்பார்கள் சுடுபவர்கள்.

தந்தையின் துப்பாக்கியில் குழல்கள் பக்கவாட்டில் இருக்கும். உரிமம் கிடைத்தாலும் அதைப் பயிற்சிக்கு எடுக்கும் முன் தகுதியுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய போட்டித் தோட்டா 70 மில்லிமீட்டர். உள்ளே நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றால், ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2019-க்கு முன் மூன்றாக இருந்தது இப்போது இரண்டு. வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

தோட்டாக் கணக்கும் இருக்கிறது. ட்ராப்பில் ஒரு சுற்றுக்கு 25 தட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். ஒரே சுற்றில் 50 தோட்டா வரை போகலாம். சாதாரண உரிமத்தில் ஆண்டுக்கு அனுமதிக்கும் தோட்டா நூற்றுக்கணக்கில்தான் இருக்கும். ஒரு மாதப் பயிற்சிக்கே போதாது. தகுதி மதிப்பெண் எடுத்துச் சான்று பெற்ற வீரர்களுக்குத்தான் கூடுதல் தோட்டாவும், கூடுதல் துப்பாக்கியும். எனவே முதலில் அங்கீகரிக்கப்பட்ட கிளப்பில் உறுப்பினராகி, அவர்களுடைய துப்பாக்கியிலேயே சில மாதம் சுடுங்கள். பணத்துக்கும் அது நல்லது, உரிம விண்ணப்பத்துக்கும் நல்லது.

இத்தாலியத் துப்பாக்கிக்காரர் விஷயம். உங்களிடம் உரிமம் இல்லை; எனவே அவர் உங்களுக்கு விற்கவே முடியாது. உரிமம் வந்த பிறகும், தனி ஆள் தன் துப்பாக்கியை விற்க வேண்டுமானால், மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும் என்கிறது 5-வது பிரிவு. இதையெல்லாம் சொல்லாமல் போனில் பேசி முன்பணம் வாங்கியவரைப் பற்றி நான் என்ன சொல்ல? அவருடைய உரிம நகலைக் கேளுங்கள். விளையாட்டு வீரர் சலுகையில் இறக்குமதியான துப்பாக்கியானால், கைமாற்ற நிபந்தனைகள் இருக்கும். அந்தத் தாளையும் கேளுங்கள். தரவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். பணம் அனுப்பிய வங்கி விவரம், குறுஞ்செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். கூரியரில் அனுப்புகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

தம்பிக்கு 21 வயது நிரம்பும் வரை உரிமம் கிடையாது. கிளப் வளாகத்தில், விதிகளுக்கு உட்பட்டுக் கண்காணிப்பில் பயிற்சி பெறலாம். அப்பாவின் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

இங்கே எழுதியது பொதுவான விளக்கம் மட்டுமே. உரிமப் புத்தகத்தையும் ரசீதையும் நேரில் பார்க்காமல் உங்கள் வழக்குக்கு முடிவான கருத்துச் சொல்ல இயலாது. இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம், தேர்தல் ரசீது, பணம் அனுப்பிய ஆதாரம் நான்கையும் எடுத்துக்கொண்டு, குற்றவியல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை உடனே நேரில் பாருங்கள். துப்பாக்கி ஒப்படைத்த ரசீது கையில் வரும் வரை, எந்த மாடல் வாங்கலாம் என்ற கேள்வியை யாரிடமும் கேட்க வேண்டாம்.