பேசும் டெபியன்: இன்ஸ்டால் செய்யும்போது நெட்வொர்க் கிடைக்கவில்லையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் லினக்ஸ் என்றதும் ஒதுங்கிப்போவதற்கு இன்ஸ்டால் செய்வதில் உள்ள பயமே காரணம். அந்த இன்ஸ்டாலையே திரையைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டுச் செய்ய முடியும் என்றால் நம்புவீர்களா? முடியும். டெபியன் லினக்ஸில் இந்த வசதி 2013-ல் வெளிவந்த 7-ம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் நடுவில் நெட்வொர்க் அமைக்கும் இடம் ஒன்று வரும். பலரும் கைவிட்டு எழுந்து போவது அங்கேதான். நாங்களும் ஏறக்குறைய எழுந்துவிட்டோம்.

நான் சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். பொங்கல் விடுமுறைக்குத் திருக்கனூர் வந்திருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரியில் பி.ஏ. படிக்கும் தங்கை ஒருத்தி இருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. அவளிடம் இருப்பது பழைய லேப்டாப். அதில் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது, என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துப் படித்து வந்தாள். 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அந்த லேப்டாப்பில் ஏறாது. புது லேப்டாப் வாங்க வீட்டில் வசதி இல்லை. அடுத்த வாரம் கல்லூரியில் அசைன்மென்ட் கொடுத்தாக வேண்டும்.

பக்கத்து விழுப்புரத்தில் 2023 ஜனவரியில் மினி டெப்கான்ஃப் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் டெபியனின் உலக மாநாடே நடந்தது. இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"சரி அண்ணா, போடலாம். ஆனா நீங்க கீபோர்டைத் தொடக்கூடாது. நாளைக்கு மறுபடி போடணும்னா நீங்க சென்னையில இருப்பீங்க."

தொடங்குவது எப்படி?

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ன் நெட் இன்ஸ்டால் கோப்பை நான் பென் டிரைவில் எழுதி வைத்திருந்தேன். இது சிறிய கோப்பு, ஒரு ஜிபிக்கும் குறைவு. அடிப்படைச் சிஸ்டம் மட்டும்தான் இதில் இருக்கும். திரை மெனுக்கள், பிரவுசர், ஆர்கா என்ற திரைவாசிப்பான் எல்லாம் இன்டர்நெட்டிலிருந்தே இறங்கவேண்டும். அதனால்தான் நெட்வொர்க் கிடைக்காவிட்டால் இவ்வளவு பாடு.

பென் டிரைவிலிருந்து பூட் ஆனதும் ஒரு பீப் ஒலி வரும். புதுவகை யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் இரண்டு பீப். மெனு தயார் என்பதற்கான அடையாளம் அது. உடனே எஸ் என்ற எழுத்தைத் தட்டி என்டர் அழுத்துங்கள். சற்று நேரத்தில் ஆங்கிலத்தில் குரல் கேட்கும். இரண்டு சவுண்ட் கார்டு இருந்தால் குரல் ஒவ்வொன்றிலும் வந்து போகும். எதில் கேட்கிறதோ அப்போது என்டர் அழுத்தினால் போதும். கேள்விகள் எண் போட்ட பட்டியலாக வரும், வேண்டிய எண்ணைத் தட்டி என்டர் கொடுக்கவேண்டும். உதவிக்குக் கேள்விக்குறி. முந்தைய இடத்துக்குத் திரும்பச் சிறியது என்பதைக் குறிக்கும் கணிதக் குறி, அதாவது கமா கீயுடன் ஷிப்ட்.

குரல் வேகமாகப் போய்விட்டால் பதற வேண்டாம். கேப்ஸ் லாக் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஐ தட்டினால் இருக்கும் வரியையும், யு தட்டினால் மேல் வரியையும், ஓ தட்டினால் கீழ் வரியையும் படிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் படுத்திய இரண்டு பிரச்சினைகளில் ஒன்று இந்தக் கீயில்தான் ஒளிந்திருந்தது.

முதல் தோல்வி

மொழி, நாடு, கீபோர்டு எல்லாம் சடசடவென்று முடித்தாள். பிறகு, எந்த நெட்வொர்க் கார்டு என்று கேட்டது. ஒன்று கேபிள், இரண்டு வைஃபை. இரண்டைத் தட்டினாள். அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களையெல்லாம் வாசித்தது. தங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்து பாஸ்வேர்டு கொடுத்தாள். சற்று நேரம் அமைதி. பிறகு, சாவிப் பரிமாற்றம் தோல்வி, பாஸ்வேர்டைச் சரிபார்க்கவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் அறிவித்தது. மூன்று முறை தட்டினாள். மூன்று முறையும் அதே பதில்.

நான் உடனே என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "ஃபர்ம்வேர் இல்லைபோல இருக்கு." ஃபர்ம்வேர் என்பது வைஃபை கார்டுக்குள் ஏற்றவேண்டிய சிறு புரோகிராம். 2023-க்கு முந்தைய டெபியன் கோப்புகளில் இது சேர்ந்து வராது, தனியாகத் தேடவேண்டும். 2022-ல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்தபிறகு, 12-ம் பதிப்பிலிருந்து சேர்ந்தே வருகிறது. அதுமட்டுமல்ல, ஃபர்ம்வேர் இல்லாவிட்டால் வைஃபை பெயர்ப் பட்டியலே வந்திருக்காது. நான் சொன்னது தவறு என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கேபிளுக்கு மாறினோம். என் பையில் கிடந்த நெட்வொர்க் கேபிளை மோடத்திலும் லேப்டாப்பிலும் செருகினேன். அவள் சிறியது குறியைத் தட்டித் திரும்பி வந்து, நெட்வொர்க் அமைக்கும் வரியை மெனுவில் மறுபடி பிடித்து, இந்த முறை ஒன்றைத் தட்டினாள். தானியங்கி அமைப்பு தோல்வி என்றது.

இங்கே ஒரு விளக்கம். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பதுபோல, உங்கள் வீட்டு மோடம் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி எண் கொடுக்கும். இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். இன்ஸ்டாலர் போய் டோக்கன் கேட்கிறது, பதில் இல்லாவிட்டால் தோல்வி என்கிறது. இந்த இடத்தில் நான்கு வழிகள் காட்டும். மறுபடி முயல்வது, ஹோஸ்ட்நேம் கொடுத்து முயல்வது, நாமே எண்களைக் கொடுப்பது, இப்போதைக்கு நெட்வொர்க் வேண்டாம் என்று விடுவது. நம் ஊரில் கரண்ட் போய் வந்தால் மோடம் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். எனவே முதலில் சற்றுப் பொறுத்து, மறுபடி முயல்வதே நல்லது. நாமே எண்களைக் கொடுக்கும் வழி வீட்டில் பெரும்பாலும் தேவைப்படாது. புதியவர்கள் அதில் இறங்கினால் இருக்கும் குழப்பத்தோடு இன்னொன்று சேரும்.

நாங்கள் பொறுத்து முயன்றோம். மறுபடியும் தோல்வி. அவளுடைய அம்மா, "பழையதே இருக்கட்டுமேப்பா, இருக்கிறதும் போயிடப் போகுது" என்றார். ஒன்று சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். நெட்வொர்க் கேள்வி, ஹார்டு டிஸ்க்கைப் பிரிக்கும் கட்டத்துக்கு முன்பே வந்துவிடும். இந்தக் கட்டத்தில் டிஸ்க்கில் எதுவும் அழிந்திருக்காது. பென் டிரைவை உருவி மெஷினை நிறுத்திவிட்டால் பழைய விண்டோஸ் அப்படியே திரும்ப வரும்.

கேரியர் இல்லை

இடப்பக்க ஆல்ட் கீயுடன் எஃப்2 அழுத்தினால் கட்டளை தரும் இடம் திறக்கும். அங்கேயும் குரல் பேசும். ஐபி, ஓர் இடைவெளி, லிங்க் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுக்கச் சொன்னேன். கார்டுகளின் நிலையை வரிவரியாகச் சொல்லும் கட்டளை அது. குரல் ஏதேதோ எண்களைக் கொட்டியது. எனக்கு அந்த ரோபோ உச்சரிப்பு பாதி புரியவில்லை. திரையை எட்டிப் பார்க்கப் போனேன். அவளோ கேப்ஸ் லாக்கோடு யு தட்டி ஒவ்வொரு வரியாகப் பின்னால் போய்க் கேட்டாள்.

"அண்ணா, கேபிள் கார்டு பேருக்குப் பக்கத்துல 'நோ கேரியர்'னு சொல்லுது. அப்படின்னா?"

அப்படியென்றால், கார்டு உயிரோடு இருக்கிறது, ஆனால் வயரின் மறுமுனையிலிருந்து எந்த சிக்னலும் வரவில்லை. டோக்கன் கொடுப்பவர் மேல் குற்றமில்லை, கடைக்குப் போகும் ரோடே இல்லை. டிஹெச்சிபி, ஃபர்ம்வேர் என்று நாங்கள் ஆராய்ந்ததெல்லாம் வீண். வயரையும் அதன் இரு முனைகளையும்தான் பார்க்கவேண்டும்.

மோடத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க நான் எழுந்தேன். அதற்குள் அவள் கையை நீட்டி லேப்டாப் பக்கத்துப் பிளக்கைத் தடவிப் பார்த்துவிட்டாள். "இதுல கிளிப்பே இல்லையே. செருகினா 'டக்'னு சத்தம் வரணும் இல்ல? நீங்க செருகினப்போ வரவே இல்லை."

உண்மைதான். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ உடைந்து, பிளக் பாதி வெளியே நழுவி நின்றது. அதுவும் என் கேபிள். அவளுடைய அப்பா ஒரு பஸ் டிக்கெட்டை மடித்து இடுக்கில் செருகினார். மறுபடி அதே கட்டளை. இந்த முறை நோ கேரியர் இல்லை, 'லோயர் அப்' என்ற சொல் வந்திருந்தது. இதுதான் வயர் உயிர்பெற்றதற்கு அடையாளம். ஆல்ட் எஃப்1 அழுத்தி இன்ஸ்டாலுக்குத் திரும்பி, மறுபடி முயல் என்ற எண்ணைத் தட்டினாள். சில நொடிகளில் ஹோஸ்ட்நேம் என்ன என்று குரல் கேட்டது. கம்ப்யூட்டருக்குப் பெயர் கேட்டால் நெட்வொர்க் முகவரி கிடைத்துவிட்டது என்று பொருள்.

ஆனால் அவள் பெயர் தட்டவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இறங்கவேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். பஸ் டிக்கெட்டை நம்பி அத்தனையுமா என்று யோசித்தவள், திடீரென்று கேட்டாள்.

"எங்க வைஃபை பாஸ்வேர்டுல முதல் எழுத்து பெரிசு. அதுக்கு நான் கேப்ஸ் லாக் போட்டுத்தான் தட்டினேன். ஆனா அந்தக் கீதான் இங்க வரி படிக்கிற கீயாச்சே? அப்புறம் எப்படிப் பெரிய எழுத்து வரும்?"

நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. சிறியது குறியைத் தட்டி மறுபடி வைஃபைக்குப் போனாள். இந்த முறை ஷிப்ட் பிடித்து முதல் எழுத்தைத் தட்டினாள். ஒரே முயற்சியில் ஹோஸ்ட்நேம் கேள்வி வந்துவிட்டது. குரல்வழி இன்ஸ்டாலில் பெரிய எழுத்துக்கு எப்போதும் ஷிப்ட் கீயையே பயன்படுத்துங்கள்.

வைஃபையும் கேபிளும் இரண்டுமே கைவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் இணைத்து, போன் செட்டிங்கில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்துவிட்டு, நெட்வொர்க் கார்டு கண்டறியும் வரியை மெனுவில் மறுபடி இயக்குங்கள். போன் ஒரு கேபிள் கார்டுபோலப் பட்டியலில் சேரும். டேட்டா தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் முழுவதும் இறங்க ஒரு ஜிபிக்கு மேல் ஆகும்.

டெஸ்க்டாப் கேள்வியில் மேட் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பழைய லேப்டாப்புக்கு அது பாரமாக இருக்காது. மாலையில் தொடங்கிய டவுன்லோடு இரவுச் சாப்பாடு வரை ஓடியது. ரீஸ்டார்ட் ஆனதும் லாகின் திரையில் ஆர்கா தானே பேசியது. குரல்வழி இன்ஸ்டால் செய்தால் அந்த அமைப்பு புதுச் சிஸ்டத்துக்கும் தொடர்ந்து வரும். பேச்சு நின்றுபோனால் விண்டோஸ் கீயையும் ஆல்ட்டையும் பிடித்து எஸ் தட்டினால் மறுபடி தொடங்கும். இ-ஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. இனிமையாக இருக்காது. ஆனால் அவள் அதன் வேகத்தைக் கூட்டிவைத்து, எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் அசைன்மென்ட்டைத் தட்டத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் காலை கடைத்தெருவில் புதுக் கேபிள் ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். வாங்கியவுடன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். டக் என்றது.