பழையதை மீட்பதா, புதிதாகத் தொடங்குவதா?

மாணவர்களே, லிட்டில் இந்தியாவில், சையது ஆல்வி சாலைக் கடை ஒன்றில் புதிய திறன்பேசி வாங்கி வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை இயக்கியதும் திரையில் ஒரு கேள்வி வரும்: பழைய கைப்பேசியின் காப்புநகலிலிருந்து மீட்க வேண்டுமா, புதிதாகத் தொடங்க வேண்டுமா? பதில் சொல்வதற்கு முன், காப்புநகலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொள்வோம்.

செயலிகள் அதில் முழுமையாக இருப்பதில்லை. எந்தெந்தச் செயலிகள் இருந்தன என்ற பட்டியலும், பல செயலிகளின் தரவுகளும், உங்கள் அமைப்புகளும்தான் இருக்கும். மீட்கும்போது செயலிகள் மறுபடியும் பதிவிறக்கம் ஆகின்றன. அதற்கு நேரம் பிடிப்பதால் வீட்டு வைஃபையில் செய்வதே நல்லது.

அமைப்புகள் திரும்பி வரும்போது பழைய கோளாறும் கூடவே வரலாம். உங்கள் கைப்பேசியில் மின்கலம் சீக்கிரம் தீர்கிறதா? காப்புநகல் எடுத்துவிட்டு, கைப்பேசியை முழுவதும் அழித்து, எதையும் மீட்காமல் இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். கோளாறு மறைந்தால், காரணம் பெரும்பாலும் பழைய செயலி அல்லது அமைப்பு. தொடர்ந்தால், மின்கலமே தேய்ந்திருக்கலாம். சோதனைக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுகிறோமே, அதே முறைதான் இதுவும்.

காப்புநகல் கொண்டு வராத ஒன்றும் உண்டு. 15 வயதானதும் நீங்கள் சிங்பாஸுக்குப் பதிவு செய்யலாம். மற்றவை எல்லாம் மீண்டு வந்தாலும், சிங்பாஸ் செயலியைப் புதிய கைப்பேசியில் மறுபடியும் அமைக்கத்தான் வேண்டும். இது குறையன்று, பாதுகாப்பு. நீங்கள்தான் நீங்கள் என்று உறுதிசெய்யும் ரகசியச் சாவி காப்புநகலோடு பயணம் செய்தால், அந்த நகலைத் திருடியவர் உங்கள் பெயரில் உள்ளே நுழைந்துவிடலாம். அதனால், இத்தகைய செயலிகளை அமைத்து முடிக்கும்வரை பழைய கைப்பேசியை அழிக்காதீர்கள், விற்காதீர்கள்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? பழைய கைப்பேசி நன்றாக வேலை செய்திருந்தால் மீட்டுக்கொள்ளுங்கள். கோளாறு இருந்திருந்தால் புதிதாகத் தொடங்குங்கள். கணக்கோடு ஒத்திசைத்த படங்களும் தொடர்பு எண்களும் அப்போதும் திரும்பக் கிடைக்கும். ஆனால், ஐஃபோனைப் புதிதாக அமைத்தபின் மனம் மாறினால், அதை அழித்துவிட்டுத்தான் ஐகிளவுட் காப்புநகலை மீட்க முடியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், காப்புநகல் என்று ஒன்று இருந்தால்தானே பயன்? ஐகிளவுடில் 5 ஜிபியும் கூகல் கணக்கில் 15 ஜிபியும்தான் இலவசம். அந்த இடம் நிறைந்துவிட்டால் புதிய காப்புநகல் சேராது. ஊரிலிருந்து பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு, கைப்பேசி தொலைந்த அன்றே தொலைந்துபோகும்.

செய்து பாருங்கள்: இன்றிரவு கைப்பேசியின் அமைப்புகளில், கடைசியாகக் காப்புநகல் எடுத்த தேதியைக் கண்டுபிடியுங்கள். வாட்ஸ்அப்புக்குள் அதற்கென்று இருக்கும் தேதியையும் பாருங்கள். அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவற்றில் எவற்றை இழக்க உங்களுக்கு மனம் வராது?