சி டிரைவ் சிவந்துவிட்டதா? பார்ட்டிஷனில் கைவைக்கும் முன்

"சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. டி-யில இடம் சும்மாதான் கிடக்கு. கொஞ்சம் மாத்திக் குடுங்க தம்பி." டெஸ்க்டாப் சப்போர்ட் வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்த வேண்டுகோள் வந்துவிடும். சரியாகச் செய்தால் சாதாரண வேலை. தவறினால் அக்கவுன்ட்ஸ் பிரிவின் கணக்கு மொத்தமும் போய்விடும். எந்த மென்பொருள் நல்லது என்று தேடும் முன், எதை நகர்த்தப் போகிறோம் என்று பாருங்கள். எவ்வளவு குறைவாக நகர்த்துகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு.

தொடங்கும் முன்

தேவையான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். நகலெடுத்தால் போதாது, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் சார்ஜரைச் செருகுங்கள். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வேண்டும். பார்ட்டிஷன் நகரும்போது மின்சாரம் போனால் தரவு பாதி வழியில் நின்றுவிடும்.

முதல் தேர்வு: விண்டோஸில் இருப்பதே

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் கிடைக்கும். பெரிய பார்ட்டிஷனைச் சுருக்க, காலி இடத்தில் புதிதாக ஒன்று உருவாக்க இதுவே போதும். சி-யைப் பெரிதாக்கப் போகும்போதுதான் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிப்போய் நிற்கும்.

காரணம் எளிது. டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கம் விழுகிறது. சி-க்கு வேண்டியதோ தன்னை ஒட்டிய வலப்பக்க இடம். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் காலியானாலும், நடுவில் இருப்பவர் நகர்ந்தால்தானே இந்த ஓரத்தில் இருப்பவருக்கு இடம்?

டி-யில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்துச் சரிபார்த்துவிட்டு, டி-யை நீக்கி, சி-யை நீட்டி, மிச்சத்தில் புதிய டி உருவாக்குங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் எந்தப் பார்ட்டிஷனையும் இடம்பெயர்க்க வேண்டியதில்லை. டி-யில் மென்பொருள் எதுவும் நிறுவப்பட்டிருந்தால் இந்த வழி வேண்டாம்.

இரண்டாம் தேர்வு: ஜிபார்ட்டெட்

சி-க்கும் டி-க்கும் நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருந்தால் மேலே சொன்ன வழி நடக்காது. அப்போது ஜிபார்ட்டெட் கைகொடுக்கும். இலவசம், ஓப்பன் சோர்ஸ். பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். கணினியை அணைக்கும் முன் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும். பிட்லாக்கர் இருந்தால் அதை முழுதாக நீக்கிய பிறகே ஜிபார்ட்டெட் பக்கம் போங்கள்.

விண்டோஸிலேயே ஓடும் தனியார் மென்பொருள்களும் உண்டு. இலவசப் பதிப்பில் எந்த வசதிக்குப் பூட்டு என்பதை முதலில் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'கிராக்' பதிப்பு அலுவலகக் கணினிக்குள் வரவே கூடாது.

பழகும்வரை தொடாதீர்கள்: டிஸ்க்பார்ட்

கட்டளை தட்டி வேலை வாங்கும் இந்தக் கருவி வலிமையானது, ஆனால் இரக்கமில்லாதது. 'க்ளீன்' என்று தட்டினால், "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன்களை எல்லாம் துடைத்துவிடும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள்; அளவையும் பாருங்கள். பெட்டியில் 1 டிபி என்று அச்சடித்த டிஸ்க், திரையில் 931 ஜிபி என்றுதான் தெரியும். 500 ஜிபி டிஸ்க் 465. வேலைக்குத் தேவையில்லாத பென் டிரைவையும் வெளி டிஸ்க்கையும் கழற்றி வையுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். தொலைந்த பார்ட்டிஷனைத் தேடி மீட்க டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கை நடுங்கினால் கணினியை அணைத்துவிட்டு, அனுபவசாலியைக் கூப்பிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

தவறே நடக்காமல் பார்த்துக்கொள்ள ஜிபார்ட்டெட்டில் ஒரு நல்ல குணம் உண்டு: நீங்கள் சொன்ன மாற்றங்களைப் பட்டியலாக வரிசைப்படுத்திக் காத்திருக்கும்; 'அப்ளை' அழுத்தினால்தான் வேலையைத் தொடங்கும். அழுத்தும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், கணினிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே.