மைலேஜ் கருவிகள்: வாங்கலாமா? விற்கலாமா?

மளிகை வியாபாரத்தில் லாபம் பைசாக் கணக்கில் வருகிறது. வண்டிச் செலவோ ரூபாய்க் கணக்கில் போகிறது. மண்டிக்கும் கடைக்கும் ஓடுவது லோடு ஆட்டோவோ, குட்டி யானையோ, சொந்தக் காரோ, எதுவானாலும் அதற்கு ஊற்றும் பெட்ரோலும் டீசலும் நம் கல்லாவிலிருந்துதான் போகின்றன. இந்தக் கவலையை அறிந்துதான் ‘மைலேஜ் கூட்டும் கருவி’ விற்பவர்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். இதை மாட்டினால் 20 சதவிகிதம் மிச்சம், 30 சதவிகிதம் மிச்சம் என்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், “உங்கள் கடையிலும் பத்து வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கமிஷன் தருகிறோம்” என்றும் கேட்கிறார்கள். ஆகவே வாங்கலாமா, விற்கலாமா என்னும் இரண்டு கேள்விகளையும் நாம் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

எரிபொருள் எங்கே போகிறது?

இவர்கள் பெரும்பாலும் சொல்லும் வாசகம் ஒன்றுதான்: “எஞ்சினுக்குள் எரிபொருள் முழுவதும் எரிவதில்லை, பாதி வீணாகப் புகையில் போகிறது. எங்கள் கருவி அதை முழுவதும் எரிய வைக்கும்.”

இது உண்மையல்ல. நல்ல நிலையில் உள்ள இன்றைய எஞ்சினில் ஊற்றிய எரிபொருளில் 98 சதவிகிதத்துக்கு மேல் எரிந்தே விடுகிறது. எரியாமல் மிஞ்சுவது ஒன்று இரண்டு சதவிகிதம்தான். அதையும் ஒரு கருவி முழுவதுமாக எரித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆதாயம் அந்த ஒன்று இரண்டு சதவிகிதத்தைத் தாண்ட வழியில்லை. 20 சதவிகிதம் எங்கிருந்து வரும்?

அப்படியானால் வீணே இல்லையா என்றால், இருக்கிறது. எரிந்து கிடைத்த சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. கொஞ்சம் உராய்வில் போகிறது. இது எஞ்சினின் அமைப்போடு பிறந்த நஷ்டம். டியூபில் மாட்டும் காந்தமோ, சாக்கெட்டில் செருகும் டப்பாவோ இதைத் தொடவும் முடியாது.

சந்தையில் உள்ள வகைகள்

1. காந்தம்: எரிபொருள் வரும் டியூபின் மேல் மாட்டுவது. பெட்ரோலும் டீசலும் இரும்பைப்போலக் காந்தத்துக்கு வசப்படும் பொருள்கள் அல்ல. காந்தத்தைக் கடந்து வந்ததால் எரியும் குணம் மாறுவதில்லை.

2. காற்றுச் சுழலி: எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் விசிறி போலச் செருகுவது. காற்றைச் சுழலவிடுவதாகச் சொல்கிறார்கள். நடப்பது என்னவென்றால், காற்று போகும் பாதை கொஞ்சம் அடைபடுகிறது.

3. காற்றுத் துளைக் கருவி: எரிபொருள் கலவையில் கூடுதல் காற்றைச் சேர்ப்பது. கார்புரேட்டர் இருந்த காலத்துப் பழைய கார்கள் சிலவற்றில் இதனால் சிறு மிச்சம் கிடைத்தது உண்டு. இன்றைய பெட்ரோல் கார்களில் சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. காற்று மிகுந்தால் கம்ப்யூட்டர் அதைக் கண்டு எரிபொருளைக் கூட்டிச் சரிசெய்துவிடும்.

4. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்: தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து அந்த வாயுவை எஞ்சினுக்கு விடுவது. அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தர வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சுற்ற எஞ்சின் எரிபொருளைச் செலவழிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தேய்மானம் உண்டு. பத்து ரூபாய் கொடுத்து மூன்று ரூபாய் திரும்ப வாங்கும் வியாபாரம் இது.

5. சாக்கெட்டில் செருகுவது: சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலோ, மெக்கானிக் கம்ப்யூட்டர் இணைக்கும் இடத்திலோ செருகுவது. இவற்றைத் திறந்து பார்த்தவர்கள் மினுக்கும் விளக்கும் அதற்கான சிறு சர்க்யூட்டும் தவிர வேறெதையும் காணவில்லை.

சோதனைகள் சொல்வது

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் இத்தகைய கருவிகள் புற்றீசல்போலக் கிளம்பின. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. மிகச் சிலவே பலன் தந்தன. அதுவும் மிகச் சிறிய அளவில்தான். அந்தச் சிலவற்றிலும் புகையின் நச்சு கூடியதாகக் கண்டவை உண்டு.

நேரில் பார்த்தோமே என்று சொல்வது போதாது. 1996-ல் தமிழ்நாட்டையே பரபரப்பாக்கிய மூலிகை பெட்ரோல் விவகாரம் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். செய்து காட்டியதைக் கண்டு நம்பியவர்கள் பலர். கடைசியில் 2016-ல் சென்னை நீதிமன்றம் அந்த வழக்கில் தண்டனை விதித்தது. செய்து காட்டுவது வேறு, சோதிப்பது வேறு.

மாட்டியவர் ஏன் புகழ்கிறார்?

“என் வண்டியில் மைலேஜ் கூடியது” என்று சொல்பவர் எல்லோரும் பொய் சொல்வதில்லை. பணம் கொடுத்து மாட்டியவர் மைலேஜைக் கவனிக்கத் தொடங்குகிறார். கவனிப்பதால் நிதானமாக ஓட்டுகிறார். மிச்சம் அவருடைய காலால் வந்தது. பெயர் கருவிக்குப் போகிறது. லோடு, போக்குவரத்து, வெயில் ஆகியவற்றால் ஒரு டேங்குக்கும் மறு டேங்குக்கும் மைலேஜ் மாறுவதும் வழக்கமே.

உண்மையை அறிய விரும்பினால் தராசைச் சோதிப்பதுபோலச் சோதிக்க வேண்டும். டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று சிட்டையில் எழுதுங்கள். ஒரே பங்க், ஒரே வழி, ஒரே டிரைவர். ஐந்து டேங்க் கருவியோடும் ஐந்து டேங்க் கருவி இல்லாமலும் ஓட வேண்டும். கருவி எப்போது வேலை செய்கிறது என்பது டிரைவருக்குத் தெரியக் கூடாது. இதற்குச் சம்மதிக்கும் விற்பனையாளர் அரிது.

சதவிகிதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மைலேஜ் 20 சதவிகிதம் கூடினால் செலவு 20 சதவிகிதம் குறையாது. 100 லிட்டர் பிடித்த வண்டிக்கு 83 லிட்டருக்கு மேல் பிடிக்கும்; அதாவது மிச்சம் 17 சதவிகிதத்துக்கும் குறைவே. சொன்னது முழுவதும் பலித்தாலும் கணக்கு இதுதான்.

காசில்லாமல் வரும் மிச்சம்

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மாதம் 100 லிட்டர் ஆகிறது.

* சரக்கு இறக்கும் நேரத்தில் எஞ்சினை ஓடவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. சிறிய எஞ்சின் மணிக்கு அரை லிட்டர் குடிக்கிறது என்றே வைத்தாலும், தினம் அரை மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 6 லிட்டருக்கு மேல் போகிறது. சாவியைத் திருப்பினால் இந்த 6 லிட்டரும் நம்முடையது.

* நான்கு டயரிலும் 10 பவுண்டு காற்று குறைந்திருந்தால் சுமார் 2 சதவிகிதம், அதாவது 2 லிட்டர் வீண். டயரும் சீக்கிரம் தேயும். வாரம் ஒருமுறை காற்றுப் பார்ப்பது நல்லது.

* விருட்டென்று கிளப்புவதும் சடாரென்று பிரேக் போடுவதும் நகர ஓட்டத்தில் இவை இரண்டையும்விடப் பெரிய செலவு. டிரைவருக்குச் சொல்லிக் கொடுப்பது நம் பொறுப்பு.

* தேவையில்லாத காலி டின், பழைய சாக்கு, உடைந்த டிரே முதலியவற்றை வண்டியில் சுமக்க வேண்டாம். காரில் 45 கிலோ அதிகச் சுமை ஏறத்தாழ 1 சதவிகித மைலேஜைக் குறைக்கும்.

* வண்டி கரும்புகை விட்டால் அதற்கு மருந்து கருவி அல்ல. இன்ஜெக்டரையும் ஏர் ஃபில்டரையும் நல்ல மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

நம் கடையில் விற்கலாமா?

வாங்கி ஏமாந்தால் போவது கருவியின் விலை. விற்று ஏமாற்றினால் போவது கடையின் பெயர். தினம் பருப்பும் எண்ணெயும் நம்மிடம் வாங்கும் வாடிக்கையாளர், கருவி பலிக்கவில்லை என்றால் நம் தராசையும் சந்தேகிப்பார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறான விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீதும் அதைப் பரிந்துரைப்பவர் மீதும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். உற்பத்தியாளர் தராத உறுதிமொழியை விற்பவர் தாமாகக் கொடுத்து, அதனால் வாடிக்கையாளருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்பவரும் பொறுப்பாளி ஆகலாம். மேலும் எரிபொருள் டியூபையோ ஒயரிங்கையோ வெட்டி மாட்டும் கருவியால் கோளாறு வந்தால், வண்டி நிறுவனம் வாரண்டியை மறுக்க நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் வழக்கம். அளக்க விடாத சரக்கை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். அடுத்த முறை விற்பனையாளர் வந்தால் பத்து டேங்க் சோதனைக்குச் சம்மதமா என்று மட்டும் கேளுங்கள். அவர் யோசித்துச் சொல்வதற்குள், வாசலில் ஓடிக்கொண்டிருக்கும் நம் வண்டியின் எஞ்சினை நிறுத்திவிடலாம்.