ஒரே புடவைக்கு எத்தனை முகவரி?

ஆன்லைன் துணிக்கடை ஒன்றில் எஸ்இஓ வேலைக்குச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் இருப்பது 2,000 புடவைகள். சர்ச் கன்சோலைத் திறந்தால் கூகுள் கண்டுபிடித்த பக்கங்கள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. யாரும் ஹேக் செய்துவிடவில்லை. எல்லாம் ஃபில்டரின் வேலை. நிறம் 12, துணி வகை 8, விலை வரம்பு 6, வரிசைப்படுத்தும் முறை 4 என்று வைத்தாலே 2,304 முகவரிகள் பிறந்துவிடும். ஒரே சமயத்தில் எத்தனை நிறங்களை வேண்டுமானாலும் டிக் செய்யலாம் என்றால் ஏழு லட்சத்தைத் தாண்டும்.

முதல் நாளே ரோபாட்ஸ் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் தடுக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். கூகுள் ஒரு பக்கத்தை வந்து படிப்பது வேறு, தன் இண்டெக்ஸில் சேர்ப்பது வேறு. ரோபாட்ஸ் கோப்பு படிப்பதை மட்டுமே தடுக்கும். வேறு பக்கங்களில் அந்த முகவரிக்கு லிங்க் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமலேயே கூகுள் அதைத் தேடல் முடிவில் காட்டக்கூடும். இண்டெக்ஸிலிருந்து நீக்க வேண்டுமென்றால் அதற்கு உரியது நோஇண்டெக்ஸ் டேக். அந்த டேக் பக்கத்துக்குள் இருக்கிறது. கூகுள் உள்ளே வந்தால்தான் அதைப் பார்க்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கதவைப் பூட்டிவிட்டு உள்ளே அறிவிப்பு ஒட்டியது போலாகிவிடும். இன்டர்வியூவில் இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்பவரை நான் தயங்காமல் வேலைக்கு எடுப்பேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் நோஇண்டெக்ஸ், பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்து விழும்வரை காத்திருப்பு, தேவைப்பட்டால் அதன் பிறகு ரோபாட்ஸ் தடை. ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் வரி எழுதும் பழைய வழியை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை. ஃபில்டர்கள் முகவரியில் ஒட்டும் பாராமீட்டர்களைக் கையாளச் சர்ச் கன்சோலில் இருந்த கருவியும் 2022-இல் போய்விட்டது. பழைய குறிப்புகளை நம்பி நேரத்தை இழக்காதீர்கள்.

அடுத்தது கேனானிக்கல் டேக். அது 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது. ஒரே சரக்கைக் காட்டும் பல முகவரிகளில் எது முதன்மை என்று சொல்வதற்கு. ஆனால் கூகுளுக்கு இது கட்டளை அல்ல, பரிந்துரைதான். ரீடைரக்ட், சைட்மேப், தளத்துக்குள் இருக்கும் லிங்க்குகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அது முடிவெடுக்கும். டேக் ஒரு முகவரியைச் சொல்ல, மெனுவும் பேனரும் பாராமீட்டர் ஒட்டிய இன்னொரு முகவரிக்கு அனுப்பினால், கூகுள் உங்கள் டேக்கை ஒதுக்கிவிடலாம். பலரும் டேக்கையே திரும்பத் திரும்பத் திருத்துகிறார்கள். திருத்த வேண்டியது பெரும்பாலும் அந்த லிங்க்குகளை. டெவலப்பரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பட்டியலின் இரண்டாம், மூன்றாம் பக்கங்களுக்கு முதல் பக்கத்தைக் கேனானிக்கலாகக் கொடுக்காதீர்கள். அவற்றில் இருப்பவை வேறு புடவைகள். ஒவ்வொரு பக்கமும் தன்னையே சுட்டட்டும்.

எல்லா ஃபில்டரும் குப்பை அல்ல. 'சிவப்பு காஞ்சிபுரம் பட்டு' என்று மக்கள் தேடுகிறார்கள். அதற்குச் சொந்தத் தலைப்போடு ஒரு நல்ல பக்கம் கொடுத்துச் சைட்மேப்பில் சேர்க்கலாம். 'விலை குறைவிலிருந்து கூடுதல்' என்ற வரிசையை யார் தேடப் போகிறார்கள்? எதை வைப்பது, எதை விடுவது என்று விற்பனைப் பிரிவில் உட்கார்ந்து கேளுங்கள். வாடிக்கையாளர் வாயில் வரும் சொல் அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு புடவைகூட இல்லாத ஃபில்டர் கூட்டு 404 தரட்டும்.

மேலாளர் 'டூப்ளிகேட் பெனால்டி' என்று பதறினால் தைரியமாக மறுக்கலாம். ஏமாற்றும் நோக்கமில்லாத சாதாரணப் பிரதிகளுக்குக் கூகுள் தண்டனை தருவதில்லை. கூகுள் ஒரு தளத்தில் எத்தனை பக்கங்களைப் படிக்கும் என்ற கிரால் பட்ஜெட் கவலையும் பெரிய தளங்களுக்கே. பத்து லட்சத்துக்கு மேல் பக்கங்கள் கொண்டு வாரம் ஒருமுறை மாறுபவை, அல்லது 10,000-க்கு மேல் பக்கங்கள் கொண்டு தினமும் மாறுபவை என்று கூகுளே தோராயமாக வரையறுத்திருக்கிறது. நம் கடை 2,000 புடவையோடு நின்றிருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். ஃபில்டர்தான் அதைப் பெரிய தளமாக்கிவிட்டது.

மாற்றங்கள் லைவ் ஆனதும் சில முகவரிகளைச் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டுப் பாருங்கள். நீங்கள் அறிவித்த கேனானிக்கலும் கூகுள் தேர்ந்தெடுத்ததும் அங்கே தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத முகவரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வார வேலை அவைதான்.