நம்ம ரோபோ எப்படித் திரும்பணும்?

வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தேர்ச் சக்கரம் தானா திரும்பாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவார்கள்.

போட்டி ரோபோவைத் திருப்ப இரண்டு வழி:

1. ஒவ்வொரு சக்கரமும் தனியே திரும்புவது. எந்தப் பக்கமும் ஓடும். ஆனால் 4 சக்கரத்துக்கு 8 மோட்டார்!

2. இடம், வலம் ஆளுக்கொரு மோட்டார். வலதை நிறுத்தி இடதை ஓட்டினால் வலப்பக்கம் திரும்பும். 2023-ல் நிலவில் ஓடிய பிரக்யானும் சக்கரங்களின் வேக வித்தியாசத்தால்தான் திரும்பியது.

நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். முதலில் பின்சக்கரங்கள் தரையில் இழுபட்டு மோட்டார் சூடாச்சு. அவற்றைக் கழற்றி, சுழல்நாற்காலிச் சக்கரம் ஒன்றை மாட்டினோம். சுலபமா திரும்புச்சு! மோட்டார் குறைந்தால் பழுதும் குறைவு.

சிந்திக்க: இரு மோட்டாரும் எதிரெதிராகச் சுழன்றால் என்ன ஆகும்?