ஹேர் டிரையரோடு விமானம் ஏறுகிறீர்களா?

அந்த அம்மாவுக்கு வயது 58. மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய், நியூஜெர்ஸியில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஊர் வந்த முதல் வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார். அங்கே பழகிப்போன ஹேர் டிரையரை, கடையில் வாங்கிய ஒரு சின்ன அடாப்டரில் சொருகி சுவிட்சைப் போட்டிருக்கிறார்.

"மிக்ஸி மாதிரி கத்துச்சு டாக்டர். என்னடா இதுன்னு பார்க்கிறதுக்குள்ள உள்ளே பூராவும் நெருப்பா சிவந்துடுச்சு" என்றார். வலது காதுக்கு மேலே ஒரு கொத்து முடி பொசுங்கியிருந்தது. காது மடலிலும் உள்ளங்கையிலும் கொப்புளம். என்னிடம் வரும்போது இரண்டு நாள் ஆகியிருந்தது. கொப்புளத்தின் மேல் பற்பசையை அப்பி வைத்திருந்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டிரையரையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "பையன் பார்த்துட்டுத்தாங்க சொன்னான், ரெண்டு ஊர் கரண்ட்டுக்கும் ஓடும்னு." பையன் சொன்னது பொய்யில்லை. கைப்பிடியில் 125, 250 என்று இரண்டு எண்கள். நடுவில் நாணயத்தை வைத்துத் திருப்புகிற மாதிரி ஒரு சின்னத் திருகு. அந்தத் திருகு 125-லேயே நின்றிருந்தது. திருப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

'சித்த வைத்தியருக்குக் கரண்ட் சமாசாரத்தில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் பேரன், பேத்தி பார்க்க வெளிநாடு போய்வரும் பெரியவர்கள் இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். குளிர் தேசத்தில் தலை காய்வதில்லை. ஈரத்தலையோடு இருந்தால் நீர்க்கோவை, தலைபாரம், கழுத்துப் பிடிப்பு. ஊரில் என்றால் மொட்டை மாடி வெயில் இருக்கிறது, சாம்பிராணிப் புகை இருக்கிறது. அங்கே அடுக்குமாடி வீட்டில் சாம்பிராணி போட்டால், கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி ஊளையிட்டு அக்கம்பக்கத்தாரை எழுப்பிவிடும். வேறு வழியில்லாமல் ஹேர் டிரையரில் வந்து நிற்கிறோம். அதனால் வரும் காயத்தைப் பார்க்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

இரண்டு மடங்கு அழுத்தம், நாலு மடங்கு சூடு

வோல்ட் என்பதைத் தமிழில் மின்னழுத்தம் என்கிறோம். பொருத்தமான சொல். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட். ரத்த அழுத்தத்தில் 120 என்றால் நிம்மதி, 230 என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம் அல்லவா? 120-க்கென்று செய்த சாதனத்துக்கும் அதே கதிதான்.

டிரையருக்குள் இருப்பது ஒரு சுருள் கம்பி. அழுத்தம் இரண்டு மடங்கானால் அந்தக் கம்பியில் ஓடும் மின்சாரமும் இரண்டு மடங்காகும். இரண்டையும் பெருக்கினால் சூடு நாலு மடங்கு. கணக்காகவே பாருங்கள்: 120 வோல்ட்டில் 1,200 வாட் இழுக்கும் டிரையரை நம் 230 வோல்ட்டில் போட்டால், ஏறக்குறைய 4,400 வாட் இழுக்கப் பார்க்கும். பல அமெரிக்க டிரையர்களில் 1,875 வாட் என்று போட்டிருப்பார்கள். அது இங்கே 6,000 வாட்டைத் தாண்டிவிடும். கம்பி கனல் மாதிரி சிவக்கும். விசிறி மோட்டாரும் தலைதெறிக்கச் சுற்றும். அந்த அம்மா கேட்ட மிக்ஸிச் சத்தம் அதுதான். உள்ளே சூடு மீறினால் அறுந்துபோகும் ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அது தன் வேலையைச் செய்வதற்குள் நாம் அதைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடுகிறோம்.

ஜப்பானிலிருந்து யாராவது ஆசையாக ஸ்ட்ரெய்ட்னர் வாங்கி வந்தால் இன்னும் மோசம். அங்கே 100 வோல்ட்தான். அந்த ஊருக்கு மட்டும் என்று செய்த பொருள் இங்கே ஐந்து மடங்கு சூட்டை இழுக்கும்.

இங்கிருந்து அங்கே கொண்டுபோனால்? நம் 1,200 வாட் டிரையர் அமெரிக்காவில் 330 வாட் அளவுக்குத்தான் வேலை செய்யும். ஆபத்தில்லை, பிரயோசனமும் இல்லை. குழந்தை ஊதுகிற மாதிரி வெதுவெதுப்பாகக் காற்று வரும். 'ரிப்பேர் ஆயிடுச்சு போலிருக்கு' என்று ஈரத்தலையோடே படுத்துவிடுவார்கள். மறுநாள் காலை மூக்கடைப்பு, தலைவலி. ஒரு பாட்டியம்மா இதற்காகவே பெட்டியில் இரண்டாவது டிரையரையும் எடுத்துப் போனார், இரண்டும் 'ரிப்பேர்'!

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, துபாய் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கெல்லாம் நம்மை ஒட்டிய 230, 240 வோல்ட்தான். பிளக்கின் வடிவம்தான் மாறும்.

அடாப்டர் வேறு, டிரான்ஸ்ஃபார்மர் வேறு

தொண்ணூறு சதவீதக் குழப்பம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'பிளக் பொருந்திடுச்சே டாக்டர்' என்பார்கள். அடாப்டர் என்பது வெறும் வடிவம் மாற்றி. தட்டைக் கால் பிளக்கை உருண்டைத் துளையில் நுழைய வைக்கும், அவ்வளவே. உள்ளே வருகிற அழுத்தத்தை அது ஒரு வோல்ட் கூடக் குறைக்காது. கை பேசியின் சார்ஜர் அதே அடாப்டரில் ஒழுங்காக வேலை செய்கிறதே என்று கேட்கலாம். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். எந்த ஊர் மின்சாரத்தையும் தானே சரிசெய்துகொள்ளும் சாதனம் அது. அதைப் பார்த்துப் பழகித்தான் டிரையரிலும் ஏமாந்துபோகிறோம்.

அழுத்தத்தை உண்மையாகவே மாற்றுவது டிரான்ஸ்ஃபார்மர். ஆனால் 1,500, 2,000 வாட் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். ரேடியோவுக்கும் ஷேவருக்கும் என்று விற்கிற 50 வாட், 100 வாட் குட்டி டிரான்ஸ்ஃபார்மரில் டிரையரைச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மரே புகையும். பயண கன்வெர்ட்டர் என்று கைக்கு அடக்கமாக ஒன்றை விற்கிறார்கள். சூடேறுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத எளிய சாதனங்களுக்கு அது கொஞ்ச நேரம் உதவும். டிகிரி காட்டும் திரை, பொத்தான்கள் எல்லாம் உள்ள புதுவகை ஸ்ட்ரெய்ட்னரை அதில் போட்டால் கெட்டுவிடும்.

என்னைக் கேட்டால் இந்தத் தொல்லையே வேண்டாம். சாதாரண டிரையர் ஒன்றின் விலை, அதற்கேற்ற டிரான்ஸ்ஃபார்மரின் விலையைவிடக் குறைவு. போன இடத்தில் மகள் வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அங்கேயே ஒன்று வாங்குங்கள். திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 'காசு கொடுத்து வாங்கினதாச்சே' என்று பெட்டியில் திணிப்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

கட்டாயம் எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால் கைப்பிடியில் அச்சிட்டிருப்பதை வெளிச்சத்தில் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டே படியுங்கள், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். 220-240 என்று மட்டும் இருந்தால் அமெரிக்காவுக்கு ஆகாது. 120 அல்லது 125 என்று மட்டும் இருந்தால் இங்கே ஆகாது. 100-240 என்று கோடு போட்டிருந்தால் எங்கும் ஓடும். இன்றைய ஸ்ட்ரெய்ட்னர்கள் பலவற்றில் இப்படி இருக்கிறது. நடுவே சாய்கோடு போட்டு 125/250 என்றிருந்தால் மட்டும் உஷார். எங்கேயோ ஒரு திருகு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். விமானம் ஏறுமுன் பாஸ்போர்ட்டைப் பார்க்கிற மாதிரி, சொருகுமுன் அந்தத் திருகைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் சூடேற்றும் கம்பிக்குப் பொருட்டில்லை.

வெளிநாட்டுக் குளியலறையில்

இங்கிலாந்தில் குளியலறைச் சுவரில் ஷேவருக்கு மட்டும் என்று எழுதிய சாக்கெட் இருக்கும். 115, 230 என்று இரண்டும் போட்டிருப்பதால் ஆசை காட்டும். அது சவரக் கருவி போன்ற சிறு சாதனங்களுக்கு மட்டுமே சக்தி தரக்கூடியது. டிரையரை அறைக்குள் வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

அமெரிக்கக் குளியலறை சாக்கெட்டில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும். மின்சாரம் தண்ணீர் வழியாகவோ நம் உடல் வழியாகவோ கசிந்தால் கண் இமைப்பதற்குள் துண்டிக்கும் ஏற்பாடு. அந்த நாட்டு டிரையர்களின் பிளக்கிலேயே இப்படி ஒரு காப்பு 1991 முதல் வருகிறது. தண்ணீர்த் தொட்டியில் டிரையர் விழுந்து உயிர்கள் போன பிறகு வந்த ஏற்பாடு. நம் ஊர் டிரையர்களில் பெரும்பாலும் அது கிடையாது. சுவிட்சை அணைத்திருந்தாலும் பிளக் சொருகியிருக்கும்வரை டிரையருக்குள் மின்சாரம் நிற்கிறது. தண்ணீரில் விழுந்தால் கைவிட்டு எடுக்கவே கூடாது. முதலில் சுவரில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

தலைக்கு மட்டும்தான்

இனி என் பாடத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் சிலர் குளிருக்கு இதமாக டிரையரைக் காலில் காட்டிக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். 'சுகமாத்தான் இருந்துச்சு' என்பார்கள், தோல் வெந்திருக்கும். அந்தப் புண் ஆறுவதற்குள் படும் பாடு கொஞ்சமில்லை. காலுக்குக் கம்பளிக் காலுறை போதும்.

பிறந்த குழந்தைக்கும் இதே எச்சரிக்கை. சாம்பிராணி போட முடியவில்லை என்று சிசுவின் தலையையும், துணி மாற்றும்போது இடுப்பையும் டிரையரால் உலர்த்துகிறார்கள். சிசுவின் தோல் மிக மெல்லியது. 'சுடுது' என்று சொல்ல அதற்கு வாயும் இல்லை. மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுத்தால் ஆயிற்று.

பெரியவர்களும் துண்டால் நன்றாக ஒற்றியெடுத்து, முக்கால்வாசி காய்ந்த பிறகே டிரையரை எடுங்கள். ஒரு சாணாவது தள்ளிப் பிடியுங்கள். ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். மிதமான சூடு போதும். ஸ்ட்ரெய்ட்னரை ஈர முடியில் வைக்கவே வேண்டாம். அதன் தகடு 200 டிகிரி வரை போகும். முடிக்குள் ஊறிய நீர் ஆவியாகி உள்ளேயே குமிழ் விடும். நாரில் குமிழ் விட்டால் நார் அறுந்துதானே போகும்? எண்ணெய்த் தலையிலும் கூடாது, எண்ணெய் கொதித்துத் தலையைச் சுட்டுவிடும்.

எண்ணெய் முழுக்கை வெளிநாட்டில் விட வேண்டியதில்லை. பனிக்காலத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வேண்டாம், வெயில் தெரிகிற நாளின் முற்பகலில் வெந்நீரில் குளியுங்கள். நீர்க்கோவை அடிக்கடி வருகிறவர்களுக்கு வெறும் நல்லெண்ணெயைவிடச் சுக்குத் தைலம் ஒத்துக்கொள்ளும்; உங்கள் உடல்வாகு தெரிந்த சித்த மருத்துவரைக் கேட்டு வாங்கிப் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போன பிறகே சூடான காற்று. தலை காயும்வரை வெளியே போக வேண்டாம்.

பற்பசைக்கு வருகிறேன். சுட்ட இடத்தில் பற்பசை, இங்க், நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், சீழ் பிடிக்கவும் வழி செய்யும். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கண், உள்ளங்கை, மூட்டு வெந்திருந்தாலோ, வெந்தவர் குழந்தையாகவோ சர்க்கரை நோயாளியாகவோ இருந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மின்சாரமே தாக்கியிருந்தால் தோலில் காயம் தெரியாவிட்டாலும் போக வேண்டும், இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் வைத்தியத்தில் தீப்புண்ணுக்குக் குங்கிலிய வெண்ணெய் இருக்கிறது. அது மருத்துவர் புண்ணைப் பார்த்த பிறகு போடுவது, முதலுதவி அல்ல.

அந்த அம்மாவின் உள்ளங்கை ஆற மூன்று வாரம் ஆனது. முடி வளர்ந்துகொண்டிருக்கிறது. போன மாதம் வந்தபோது, அடுத்த பேரக்குழந்தைக்காக மறுபடியும் நியூஜெர்ஸி போவதாகச் சொன்னார். இங்கே வாங்கிய புது டிரையரை எடுத்துப் போகலாமா என்று கேட்டார். கைப்பிடியைப் பார்த்தேன். 220-240. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.